பாலடினுடன் சோர்சரரைச் சேர்த்து விளையாடிய நெடுநாள் அனுபவம்

மேசையில் பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக விளையாடும் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்புக்கான 2014ஆம் ஆண்டு விதிநூல், ஒரே கதாபாத்திரத்துக்கு வீரன், மந்திரவாதி போன்ற இரண்டு கிளாஸ்களைச் (தொழில் வகைகளைச்) சேர்க்கும் மல்டிகிளாஸ் முறையை விருப்பத் தெரிவாகவே தருகிறது. ஹட்டனில் கூடும் எங்கள் குழு அதை ஏற்றுச் சில வருடங்களாக விளையாடி வருகிறது. குழுவில் பலர் கொழும்பில் வேலை செய்பவர்கள் என்பதால், போயா (பௌர்ணமி) விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதுதான் ஒன்றாக உட்கார முடிகிறது. கதாபாத்திரம் ஒரு லெவல் (வளர்ச்சிப் படி) உயர மாதங்கள் பிடிக்கும். ஆகவே உச்சமான இருபதாம் லெவலை மனதில் வைத்து இணையத்தில் வகுக்கப்படும் சேர்க்கைகள் எங்களுக்கு உதவுவதில்லை. கதாபாத்திரம் எந்த ஒழுங்கில் வளர்கிறது என்பதே எங்களுக்கு முக்கியம்.

நண்பர் ஒருவர் போர்வீரனான ஃபைட்டரில் மூன்று லெவலும் மந்திரவாதியான விசார்டில் இரண்டு லெவலும் எடுத்தார். ஐந்தாம் லெவலில், தனி ஃபைட்டருக்குரிய, ஒரே முறையில் செய்யும் இரண்டாவது தாக்குதலும் தனி விசார்டுக்குக் கிடைக்கும் ஃபயர்போல் என்ற நெருப்பு மந்திரமும் அவருக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறை தீர்வதற்குள் ஒரு மழைக்காலமே கடந்துவிட்டது.

எனது கதாபாத்திரம் ஆறாம் லெவல் வரை புனித வீரனான பாலடினாகவே இருந்தது. ஐந்தில் இரண்டாவது தாக்குதலும், ஆறில் பத்து அடிக்குள் நிற்கும் தோழர்களின் சேவிங் த்ரோக்களுக்கு (ஆபத்தைத் தவிர்க்க உருட்டும் பகடைக்கு) எனது கரிஸ்மா (ஆளுமை) போனஸைக் கூட்டித் தரும் ஓரா என்ற திறனும் கிடைத்த பின்னரே பிறவி மந்திரவாதியான சோர்சரரைத் தொட்டேன். இரண்டு கிளாஸ்களும் கரிஸ்மாவைச் சார்ந்தவை. இச்சேர்க்கைக்கு ஸ்ட்ரெங்த் (வலிமை), கரிஸ்மா இரண்டிலும் விதி கேட்கும் 13 புள்ளிகள் நல்ல பாலடினிடம் பெரும்பாலும் இருக்கும்.

உண்மையான பலன், மந்திரம் செய்யச் செலவிடும் வாய்ப்புகளான ஸ்பெல் ஸ்லொட்களில் தெரிந்தது. பத்தாம் லெவலில் தனிப் பாலடினுக்கு ஒன்பது ஸ்லொட்கள். ஆறும் நான்குமாகப் பிரித்த எனக்குப் பதினொன்று, அவற்றுள் ஒன்று நான்காம் நிலை. அந்த நிலைக்குரிய மந்திரம் எதுவும் எனக்குத் தெரியாது என்றாலும், அதை வாள்வீச்சில் டிவைன் ஸ்மைட் என்ற தெய்வீக அடியாகச் செலவிட்டால் சேதத்துக்கு ஐந்து எட்டுமுகப் பகடைகள் கூடுதலாக உருளும். குழு முழுவதும் எழுந்து நின்று பார்க்கும் தருணம் அது. சோர்சரரை மூன்றிலேயே நிறுத்தாமல் நான்கு வரை கொண்டுசென்றதற்குக் காரணம், ஸ்ட்ரெங்த், கரிஸ்மா போன்றவற்றைக் கூட்டும் அபிலிட்டி புள்ளி உயர்வு அங்கேதான் வருகிறது என்பதே. சோர்சரர் லெவல்களில் உயிர்ப்புள்ளிப் பகடை பத்துமுகத்திலிருந்து ஆறுமுகத்துக்குக் குறைவதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இதே விதிகளைத் தழுவி 2023இல் வெளிவந்த போல்டர்ஸ் கேட் 3 என்ற கணினி விளையாட்டை விளையாடிப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் 13 என்ற நிபந்தனை இல்லை. நூறு தங்கம் கொடுத்தால் கிளாஸை அடியிலிருந்து மாற்றலாம். மேசையில் அந்த வசதியை விதிநூல் தருவதில்லை. அதனால்தான் பதினோராம் லெவலுக்கு இப்போதே யோசித்து, மூன்றாம் நிலை மந்திரங்களைத் திறக்கும் சோர்சரர் ஐந்தைத் தெரிவுசெய்திருக்கிறேன்.