எல்லோருக்கும் அரிசியா, ஏழைக்கு மட்டும் காசா? இலங்கையின் இரண்டு நெருக்கடிகள்

1953இல் கொரியப் போர்க்கால ஏற்றுமதி விலையேற்றம் அடங்கி அரசின் கையிருப்பு கரைந்தபோது, ஒரு கொத்து பங்கீட்டு அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவும் நின்றது. அந்த அரிசி ஏழை, பணக்காரர் என்று பார்க்காமல் கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்தது, அதனால் அடியும் எல்லா வீட்டிலும் விழுந்தது. ஆகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடே நின்றது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின, அமைச்சரவை துறைமுகத்தில் நின்ற போர்க்கப்பலில் கூடியது, அக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

2022 நெருக்கடிக்கு அப்புறம் வந்த அஸ்வெசும, அதாவது தெரிவுசெய்த குடும்பங்களுக்கு மட்டும் அரசு காசு கொடுக்கும் நலத்திட்டம், வேறு மாதிரி. 2023இல் தொடங்கியபோது குடும்பங்களை நான்கு வகையாகப் பிரித்து மாதம் 2,500 முதல் 15,000 ரூபாய் வரை கொடுத்தார்கள். மிக ஏழைக்குக் கூடுதல் காசு என்பது நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் கோபம் போன திசையைப் பாருங்கள். பட்டியலில் பெயர் வராதவர்கள் பிரதேச செயலகத்தின் முன்னால் விண்ணப்பத் துண்டோடு நிற்கிறார்கள், "கல்வீடு கட்டின அவவுக்குக் கிடைச்சிருக்கு, தகரக் கூரைக்குக் கீழ இருக்கிற எனக்கு இல்லையா?" என்று கிராம சேவகரிடம் கேட்கிறார்கள். கேள்வி அரசிடம் போகாமல் பக்கத்து வீட்டு வேலியிலேயே நின்றுவிடுகிறது.

செலவு குறைவு என்பதற்காகப் பட்டியல் முறையை ஆதரிப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கவேண்டும். என் தெரிவு எல்லோருக்குமான அரிசிதான்.