ஸ்லம்டாக் மில்லியனர்: எட்டு ஆஸ்கர் வாங்கிய படம், ஆனால் அந்தத் திரைக்கதை விருதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மகள் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள், ரஹ்மான் பைத்தியம். ஆஸ்கர் வாங்கின படத்தை இதுவரை பார்த்ததே இல்லை என்று சொன்னாள், சரி வா என்று இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டோம். நான் 2009-ல் தியேட்டரில் பார்த்ததோடு சரி. அப்போது ஊரே கொண்டாடிக்கொண்டிருந்த நேரம், பத்துப் பரிந்துரை, எட்டு விருது, மேடையில் நம்ம ஆள் தமிழில் 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்கிறார், அந்தச் சந்தோஷத்தில் லாஜிக் எல்லாம் யார் பார்த்தார்கள்?

கதை தெரியாதவர்களுக்கு: மும்பைச் சேரிப் பையன் ஜமால், டிவி கேள்வி-பதில் நிகழ்ச்சி ஒன்றில் தன் வாழ்க்கையில் நடந்ததை வைத்து விடை சொல்லிக்கொண்டே போகிறான். படம் முக்கால் மணி நேரம் தாண்டவில்லை. ஜமாலும் அவன் அண்ணன் சலீமும் ஓடுகிற ரயிலிலிருந்து விழுகிறார்கள், புழுதியில் உருண்டு எழும்போது வளர்ந்து நிற்கிறார்கள், எதிரே தாஜ்மஹால். அதுவரை இந்தி பேசிக்கொண்டிருந்த பையன்கள் வாயைத் திறந்தால் சரளமான ஆங்கிலம். இவள் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்திவிட்டு, "அத்தை, இவங்களுக்கு இங்கிலீஷ் யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டாள்.

என்னிடம் பதில் இல்லை, படத்திலும் இல்லை. வெளிநாட்டுச் சந்தை, பாதிக்கு மேல் படம் ஆங்கிலத்தில் ஓடியாக வேண்டும் என்ற கட்டாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதே கதையின் மூல நாவலான, விகாஸ் ஸ்வரூப் 2005-ல் வெளியிட்ட 'க்யூ அண்ட் ஏ'வில் இதற்குப் பதில் இருக்கிறது. அதில் நாயகன் பெயர் ஜமால் இல்லை, ராம் முகமது தாமஸ். டெல்லியில் ஒரு தேவாலயத்தில் விடப்பட்ட குழந்தை, பாதிரியார் ஒருவர் எடுத்து வளர்க்கிறார், ஆங்கிலம் அவர் வீட்டில் வந்தது. பெயரைக் கேட்டதும் அவன் பின்னணி பாதி தெரிந்துவிடுகிறது. திரைக்கதையாக்கிய சைமன் போஃபாய் அந்தப் பாதிரியாரைத் தூக்கிவிட்டார், ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டார். என் குறை முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. இந்தப் படத்தின் பெரிய ஓட்டைகள் கதையோடு பிறந்தவை இல்லை, நாவலாசிரியர் அடைத்து வைத்திருந்ததைத் தழுவும்போது பிடுங்கிவிட்டார்கள். விருது கொடுத்ததோ சிறந்த தழுவல் திரைக்கதைக்கு!

அடுத்து அந்தக் கைது. படத்தில் நிகழ்ச்சி நேரலை. கடைசிக் கேள்விக்கு முன்னால் நேரம் முடிந்து சங்கு ஒலிக்கிறது, நாளைக்கு வாருங்கள் என்கிறார்கள், பையன் வெளியே வந்ததும் போலீஸ் அள்ளிக்கொண்டு போகிறது. ராத்திரி முழுக்க அடி, மின்சாரம். மறுநாள் அதே நாற்காலி. பிடித்துக் கொடுத்தவர் நிகழ்ச்சி நடத்துகிற பிரேம் குமார். ஏன் செய்தார்? சேரியிலிருந்து வந்த பையன் தன் மேடையில் தன்னை மிஞ்சுவது பொறுக்கவில்லை, அவ்வளவுதான். அந்தப் பொறாமை எனக்குப் புரிகிறது, ஆனால் ஊரே பார்த்துக்கொண்டிருக்கும் நேரலையின் நடுவே, மறுநாள் மேடைக்கு வரவேண்டிய போட்டியாளரைப் போலீஸில் மாட்டிவிட்டால் நாளைக்கு யாரை உட்கார வைப்பார்? நாவலில் இந்தச் சிக்கலே கிடையாது. நிகழ்ச்சி பதிவு செய்யப்பட்டது, இன்னும் ஒளிபரப்பாகவில்லை, பையன் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி ஜெயித்தாயிற்று, கொடுக்கக் கம்பெனியிடம் பணம் இல்லை. அவனை மோசடிக்காரன் என்று நிரூபித்தால் பணம் தர வேண்டாம், அதனால்தான் போலீஸ். கேட்டவுடன் நம்புகிறோம் இல்லையா.

இதைவிட மோசம் அந்தக் கழிவறைக் காட்சி. முதல்தர கிரிக்கெட்டில் அதிக சதம் அடித்தவர் யார் என்ற கேள்வி வந்தாயிற்று, நான்கு பெயர்களும் திரையில் வந்தாயிற்று, பதில் சொல்லாமலே இடைவேளை விடுகிறார்கள். போட்டியாளர் எழுந்து கழிவறைக்குப் போகிறான், தனியாக. கூட ஒரு உதவியாளர், ஒரு காவலாளி, யாருமே இல்லை. பின்னாலேயே நடத்துநர் வருகிறார், பேசுகிறார், போகிறார், கண்ணாடியில் படிந்த ஆவியில் 'பி' என்று எழுதியிருக்கிறது. நம்ம ஊரில் 2000-ல் சன் டிவியில் சரத்குமாரின் 'கோடீஸ்வரன்' பார்த்தவர்கள், 2012-ல் விஜய் டிவியில் சூர்யாவின் 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' பார்த்தவர்கள் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விடை பாக்கி இருக்கும்போது போட்டியாளரை நாற்காலியை விட்டு எழவிடுவார்களா? இரண்டு கோடி ரூபாய் ஆட்டம், கையில் ஒரு மொபைல் இருந்தால் கதை முடிந்தது. அப்புறம் மோசடி என்று சந்தேகப்பட்டு ஒரு ராத்திரி முழுக்க வதைக்கிறார்களே, அந்த விசாரணையில் முதலில் வந்திருக்க வேண்டிய கேள்வி, இடைவேளையில் எங்கே போனாய், யாரைப் பார்த்தாய் என்பதுதானே?

இத்தனைக்கும் அந்தக் காட்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிரேம் குமாராக வரும் அனில் கபூர் தோளில் கை போடுகிற மாதிரியே பேசுகிறார், சேரியிலிருந்து ஒரே ராத்திரியில் மேலே வந்த இன்னொருவன் நான் என்கிறார். உதவியா சதியா என்று பையனோடு சேர்ந்து நாமும் தடுமாறுகிறோம். பையன் இரண்டு விடைகளை நீக்கச் சொல்கிறான், பாண்டிங்கும் ஜாக் ஹாப்ஸும் மிஞ்சுகிறார்கள், 'பி'யான பாண்டிங்கை விட்டுவிட்டு ஹாப்ஸைச் சொல்கிறான். இந்தக் கேள்விக்கு அவன் வாழ்க்கையில் விடை இல்லை, மனிதர்களைப் படிக்கத் தெரிந்ததால் ஜெயிக்கிறான். இவ்வளவு நல்ல விஷயத்தை இப்படி ஒரு ஓட்டை மேலே கட்டியிருக்கிறார்களே என்றுதான் வயிறு எரிகிறது. வாசலில் ஒரு ஆளை நிற்க வைத்து, நடத்துநர் அவனைப் போகச் சொல்வதாக ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்.

கால் சென்டரும் அப்படித்தான். பிரிட்டன் வாடிக்கையாளர்களுக்குப் பேசுகிற இடம் என்று நன்றாகக் காட்டிவிட்டு, டீ கொடுக்கிற ஜமால் அதே கணினியில் சலீம் மாலிக் என்று தேட, மும்பையில் ரவுடியாக இருக்கும் அண்ணன் நம்பர் கிடைக்கிறது. எப்படி?

இன்னொன்று ஓட்டை இல்லை, தப்பு. 'தர்ஷன் தோ கன்ஷ்யாம்' பாட்டை எழுதியது யார் என்ற கேள்விக்குச் சரியான விடை சூர்தாஸ் என்கிறார்கள். அது 1957-ல் வந்த 'நர்சி பகத்' படப்பாட்டு, எழுதியவர் கோபால் சிங் நேபாளி. சரியான விடை சொன்னவன் ஜெயிப்பான் என்பதே கதை, அதில் விடையே தப்பு. ஒரு கவிஞருடைய பெயர் உலகம் முழுக்க ஓடிய படத்தில் அவர் பாட்டிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது, இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

சரி, இணையத்தில் திட்டுகிறவர்கள் முதலில் சொல்வது என்ன? கேள்விகள் எல்லாம் எப்படி அவன் வாழ்க்கையில் நடந்த வரிசையிலேயே வருகின்றன என்பதுதான். அதை நான் ஓட்டையாக எண்ண மாட்டேன். விதியா, அதிர்ஷ்டமா, ஏமாற்றா என்று படம் முதல் நிமிடத்திலேயே நம்மிடம் கேட்டுவிடுகிறது, விதி என்பதுதான் கதை, அதை ஒப்புக்கொண்டுதான் உள்ளே போகிறோம். (நாவலில் அந்த வரிசைகூட இல்லை, கேள்விகள் முன்னும் பின்னுமாக வரும்.) நூறு டாலர் நோட்டில் யார் படம் என்று தெரிந்தவனுக்கு 'சத்யமேவ ஜயதே' தெரியாதா என்பார்கள். அதற்குப் படம் அழகாகப் பதில் சொல்கிறது. மும்பை சௌபாத்தி கடற்கரையில் ஒரு தட்டு பானிபூரி என்ன விலை என்று அவன் போலீஸ்காரர்களைத் திருப்பிக் கேட்கிறான், அவர்களுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இன்ஸ்பெக்டராக வரும் இர்ஃபான் கானின் முகம் அந்த இடத்தில் மெல்ல இளகுவதைக் கவனியுங்கள்.

அந்த நூறு டாலர் காட்சியும் அப்படியே. சின்ன வயதில் பிச்சையெடுக்க வைக்கும் கும்பலால் கண் பறிக்கப்பட்ட நண்பன் அர்விந்த் சுரங்கப்பாதையில் பாடிப் பிச்சை எடுக்கிறான். ஜமால் நோட்டைக் கையில் வைக்கிறான். அதில் என்ன படம் இருக்கிறது சொல் என்கிறான் அர்விந்த். உச்சியில் வழுக்கை, பக்கத்தில் பெண்பிள்ளை மாதிரி நீள முடி என்று இவன் சொல்லச் சொல்ல, அவன் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் என்கிறான். கேள்விக்கான விடை அங்கே ஒரு குற்ற உணர்வோடு சேர்ந்து இவனுக்குள் இறங்குகிறது. இந்தக் கவனம் கைதுக்கும் ஆங்கிலத்துக்கும் கிடைக்கவே இல்லை.

படம் பார்க்கலாமா என்றால் கட்டாயம் பாருங்கள், நல்ல ஸ்பீக்கரில். ரஹ்மானின் பின்னணி இசைக்கும், ரசூல் பூக்குட்டி குழுவின் ஒலிக்கலவைக்கும் கொடுத்த விருதுகளில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு இரண்டும் இன்றும் புதுசாக இருக்கின்றன. குழந்தைகளோடு வேண்டாம், அந்தக் கண் காட்சி ரொம்ப நாள் கூடவே வரும். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், திரைக்கதைக்கு மட்டும் என்றால் இரண்டரை.

இவள் நாவலை வாங்கிவிட்டாள். நேற்று ராத்திரி போன் செய்து, "அத்தை, பாதிரியார் வந்துட்டார்" என்றாள்.