பழைய ஹைபிரிட் காரின் பேட்டரி நலத்தைக் கண்காணித்த அனுபவம்

பத்து ஆண்டுகளைத் தாண்டிய ஹைபிரிட் காரை வைத்திருப்பவர்கள் டேஷ்போர்டில் தெரியும் பேட்டரிப் படத்தைப் பார்த்தே மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். அந்தப் படத்தில் உள்ள கோடுகள் அந்த நேரத்தில் இருக்கும் சார்ஜ் அளவைத்தான் சொல்லுமே தவிர, பேட்டரியின் நலத்தைச் சொல்லாது. போதாக்குறைக்கு, பேட்டரியின் ஆயுளைக் காப்பதற்காகக் காரின் கணினி சார்ஜை ஏறக்குறைய 40 முதல் 80 சதவீதத்துக்குள்ளேயே வைத்திருப்பதால், எல்லாக் கோடுகளும் நிறைந்திருப்பதுகூட முழு சார்ஜ் ஆகாது. தேய்ந்துபோன பேட்டரியிலும் கோடுகள் நிறையத்தான் செய்யும். ஆனால் அந்த நிறைவுக்குள் அடங்கியிருக்கும் மின்சாரம் குறைவு.

நான் நீண்ட காலமாக ஓட்டிவருவது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி கொண்ட கார். இந்த வகைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு இரண்டாம் தலைமுறை டொயோட்டா பிரியஸ். அதில் 7.2 வோல்ட் மின்னழுத்தமுள்ள 28 மாட்யூல்கள், அதாவது சிறு பேட்டரி அலகுகள், ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டு, மொத்தம் 201.6 வோல்ட் கிடைக்கிறது. பேட்டரிக் கணினி ஒவ்வொரு மாட்யூலையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. இரண்டிரண்டாகச் சேர்த்து 14 பிளாக்குகளாகவே அளக்கிறது. எல்லாம் தொடராக இருப்பதால் ஒரே அளவு மின்னோட்டம்தான் எல்லா மாட்யூல்களின் வழியாகவும் போயாக வேண்டும். ஆகவே 27 நல்ல நிலையில் இருந்தாலும், நலிந்த ஒன்று எவ்வளவு தாங்குகிறதோ அவ்வளவுதான் முழு பேட்டரியின் திறனும்.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. காரின் கணினியிலிருந்து தகவல்களைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் சிறிய புளூடூத் அடாப்டரும், ஹைபிரிட் கார்களுக்கென்றே எழுதப்பட்ட ஒரு செயலியும் போதும். டாக்டர் பிரியஸ், ஹைபிரிட் அசிஸ்டென்ட் இரண்டும் பலரும் பயன்படுத்துபவை. கார் நிற்கும்போது எல்லா பிளாக்குகளும் ஒன்றுக்கொன்று பத்தில் ஒன்றிரண்டு வோல்ட் வித்தியாசத்தில் அமைதியாக இருக்கும். அதைப் பார்த்து நிம்மதி அடைவதில் பொருளில்லை, ஏனெனில் சுமை ஏறினால்தான் பலவீனம் வெளிப்படும். மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தமாக மிதிக்கும்போது திரையில் எல்லா எண்களும் சேர்ந்து இறங்கும்; என் காரில் நடுப்பகுதியில் உள்ள ஒரு பிளாக் மட்டும் மற்றவை 15 வோல்ட்டை ஒட்டி நிற்கும்போது 14.4-க்கு வந்துவிடும். அதே மேட்டிலிருந்து பிரேக் பிடித்தபடி இறங்கும்போது, பேட்டரிக்குள் மின்சாரம் திரும்பப் பாய்கையில், அதே பிளாக்தான் எல்லாவற்றையும் முந்திக்கொண்டு உயரும். குறையும்போது முதலில் குறைந்து, ஏறும்போதும் முதலில் ஏறுவது கொள்ளளவு சுருங்கி உள் மின்தடை கூடியதன் அடையாளம். ஒரு திசையில் மட்டும் பார்த்தால் இது தெளிவாகப் பிடிபடாது.

ஒரே ஒரு முறை அளந்துவிட்டு முடிவுக்கு வரக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். குளிரில் உள் மின்தடை இயல்பாகவே கூடுவதால் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். சார்ஜ் அடிமட்டத்தில் இருக்கும்போது அளந்தாலும் அப்படியே. ஒரே மேடு, ஏறக்குறைய ஒரே வெப்பநிலை, ஒரே சார்ஜ் அளவு என்று வைத்துக்கொண்டு குறித்துவந்தால்தான் எண்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பது விளங்கும். செயலிகள் ஆயுள் இத்தனை சதவீதம் என்று காட்டும் எண்ணைவிட இந்தக் குறிப்பேட்டையே நான் நம்புகிறேன்.

நடுவில் உள்ள மாட்யூல்கள் முதலில் நலிவதற்குக் காரணம் வெப்பம். ஓரத்தில் உள்ளவை தங்கள் சூட்டை வெளியே விட்டுவிடும். நடுவில் உள்ளவை இருபுறமும் நெருக்கப்பட்டு வேகும். பின் இருக்கையின் பக்கவாட்டில் உள்ள காற்றுத் துவாரத்தைப் பை, துணி போன்றவற்றால் அடைத்துவிடுவதும், உள்ளே இருக்கும் விசிறியின் இறக்கைகளில் தூசும் முடியும் படிய விடுவதும் இந்தச் சூட்டை மேலும் கூட்டும். விசிறியைக் கழற்றிச் சுத்தம் செய்தபின் என் பேட்டரியின் வெப்பநிலை தெரியும்படி இறங்கியது. பிளாக் வித்தியாசம் மட்டும் குறையவில்லை. சுத்தம் செய்வது இனி வரப்போகும் தேய்மானத்தைத் தள்ளிப்போடும், நடந்துவிட்டதைத் திருப்பாது.

அடாப்டர் இல்லாதவர்களும் கவனிக்கக்கூடிய அறிகுறிகள் சில உண்டு: கோடுகள் உச்சியிலிருந்து அடிக்குச் சில நிமிடங்களில் சரிவது, அதே வேகத்தில் மீண்டும் நிறைவது, கார் நிற்கும்போதும் எஞ்சின் அடிக்கடி ஓடுவது, விசிறி இரைவது. ஆனால் பொருத்தமில்லாத பல எச்சரிக்கை விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தால் முதலில் சாதாரண 12 வோல்ட் பேட்டரியைச் சோதிப்பது நல்லது. அது நலிந்தால் காரின் கணினிகள் குழம்பி, பெரிய பேட்டரியின் மீது வீண்பழி விழும்.

ஹைபிரிட் பேட்டரியை மாற்றச் சொல்லும் பி0ஏ80 என்ற பிழைக் குறியீடு வந்தபின் கெட்ட மாட்யூலை மட்டும் மாற்றித் தருவதாகச் சொல்லும் பட்டறைகள் உண்டு. வேறொரு பழைய பேட்டரியிலிருந்து எடுத்த மாட்யூலின் கொள்ளளவு மற்றவற்றோடு பொருந்தாவிட்டால், கொஞ்ச காலத்தில் அடுத்த பலவீனமானது தலைகாட்டும். காரை விற்கும்வரை ஓட்டினால் போதும் என்பவருக்கு அது சரிப்படலாம். எனக்கு வேண்டியது முழு மாற்றம்தான். அதைச் செய்வதற்கு நான் வைத்திருக்கும் எல்லை, அதே மேட்டில் வித்தியாசம் தொடர்ந்து 1 வோல்ட்டைத் தாண்டுவது. இப்போது அது அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. பேட்டரிப் பெட்டியை நானே திறக்கும் எண்ணமில்லை: பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் ஆரஞ்சு நிற சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டரின் மின்தேக்கிகளில் தேங்கிய மின்சாரம் வடிவதற்குப் பத்து நிமிடம் காத்திருந்த பிறகும், மாட்யூல்களின் சொந்த மின்னழுத்தம் அப்படியே இருக்கும், உயர் மின்னழுத்தக் கையுறையும் பயிற்சியும் இல்லாதவர் தொடும் இடமல்ல அது.

பழைய ஹைபிரிட் கார் வாங்க நினைப்பவர் ஓட்டிப் பார்க்கும்போது அடாப்டரைக் கையோடு கொண்டுபோய், ஒரு மேட்டில் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். விற்பவர் முந்தைய நாள் பிழைக் குறியீட்டை அழித்திருந்தால் எச்சரிக்கை விளக்கு எரியாது. சுமையில் பின்தங்கும் பிளாக் அப்போதும் பின்தங்கவே செய்யும்.