செல்ஃப் எடுக்காத காரும் ஐந்து வருஷ மல்டிமீட்டரும்

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வாங்கியதே ஒரு எரிச்சலில்தான். 2019-இல் ஒரு நாள் காலையில் கார் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி கடைக்காரர் வந்தார், மீட்டர் எதுவும் வைக்காமலே "பேட்டரி போச்சு சார்" என்றார். புதுசு மாட்டினேன். நாலாம் நாள் மறுபடி அதே 'டக் டக்'. அப்புறம்தான் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவில் கார்பன் பிரஷ் தேய்ந்து, சார்ஜ் விட்டுவிட்டு ஏறியிருக்கிறது. (ஆல்டர்னேட்டரை எங்கள் ஊர் மெக்கானிக்குகள் இன்னும் டைனமோ என்றுதான் சொல்கிறார்கள்.) டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு லேசாக மினுங்கியதை நானும் பார்த்தேன்தான், கண்டுகொள்ளவில்லை.

அன்று வாங்கிய மலிவு மல்டிமீட்டர் ஐந்து வருஷமாக டேஷ்போர்டில் கிடக்கிறது. டிசி 20 வோல்ட்டில் வைத்து, வண்டி ராத்திரி முழுக்க நின்ற பிறகு காலையில் பேட்டரியை அளந்து பார்ப்பேன். 12.6 இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். ஓட்டி வந்த உடனே பார்த்தால் பொய்யாகக் கூடுதல் காட்டும். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். ஹெட்லைட், ஏசி எல்லாம் போட்ட பிறகும் 13.5-க்குக் கீழே போகாவிட்டால் டைனமோவைச் சந்தேகப்பட வேண்டாம். 12-லேயே நின்று மெல்ல இறங்கினால் கோளாறு சார்ஜிங்கில்தான்.

இவ்வளவு தெரிந்தும் 2022-இல் ஏமாந்தேன். காலையில் 12.5, தள்ளி ஸ்டார்ட் செய்தபின் 14.2. ரெண்டுமே சரி, ஆனால் செல்ஃப் மட்டும் முனகுகிறது. பிறகு மனைவியைச் சாவி திருகச் சொல்லிவிட்டு நான் மீட்டரைப் பிடித்தேன். சுற்றும்போது 7.8-க்கு விழுந்தது! 9.6-க்குக் கீழே போகக் கூடாது. நின்றபடி பார்க்கும் வோல்ட்டை மட்டும் நம்பினால் இப்படித்தான். பாரம் ஏற்றினால்தான் பேட்டரியின் குட்டு வெளிப்படும்.

உடனே கடைக்கு ஓடவில்லை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக் குமிழிலும் இன்னொன்றை அதைப் பிடித்திருக்கும் கிளாம்பிலும் வைத்து மறுபடி செல்ஃப் அடித்தோம். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பூத்துப்போன டெர்மினல்தான் குற்றவாளி, சுரண்டித் துடைத்தாலே போதும். எனக்கு 0.05-தான். ஆக, பேட்டரிதான். 2019-இல் புதுசாக மாட்டி, டைனமோ கோளாறால் அடிக்கடி காலியாகி அடிவாங்கிய அதே பேட்டரி!

இன்ஜின் ஓடும்போது டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தையை மட்டும் யாரையும் செய்யவிடாதீர்கள். வோல்ட் எகிறி, காரின் கம்ப்யூட்டரான ஈசியு அடிவாங்கும். சில புதுக் கார்களில் கம்ப்யூட்டரே சார்ஜிங்கைக் குறைத்துவைக்கும். ஓடும்போது 12.8 காட்டினால் பதறாமல் ஹெட்லைட்டைப் போட்டு மறுபடி பாருங்கள்.

மீட்டரில் குறை இல்லாமல் இல்லை. வயர் விறைத்துவிட்டது, முனை ஒன்று ஆடுகிறது. போன வருஷம் வண்டி ஓடும்போது 15.8 காட்டியது. வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி வெந்துவிடும் என்று அலறியடித்து எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் மீட்டரில் 14.3.

"காரு பேட்டரி நல்லாத்தான் இருக்கு சார். உங்க மீட்டர் பேட்டரியத்தான் மாத்தணும்."

உள்ளே இருந்த 9 வோல்ட் செல் இறங்கினால் மீட்டர் கூடுதலாகக் காட்டும் என்று அன்றுதான் தெரிந்தது.