‘விதை உள்ளி’ விளம்பரத்தில் இருக்கும் அந்தப் படம் என்னுடையது

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் இருக்கிற யாராவது முகநூலில் “நம்ம ஊர் வெயிலுக்கு ஏற்ற விதை உள்ளி” (நடுவதற்கான வெள்ளைப்பூண்டு) என்று விற்கிறவர்களுக்குக் காசு போட நினைத்திருந்தால், போடுவதற்கு முன் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். எனக்குப் போனது 4,550 ரூபாய். அது போனால் போகட்டும். நான் எடுத்த படத்தைப் பார்த்து நம்பி எங்கள் மாதர் சங்கத்தில் இன்னும் ஆறு பேர் வாங்கினார்கள். அதை நினைத்தால்தான் இரவில் நித்திரை வருவதில்லை.

எங்கள் வீட்டில் உள்ளி இல்லாமல் ஒரு நாளும் சமையல் இல்லை. பருப்புக்கு நாலு பல், ரசத்துக்குத் தோலோடு தட்டிப் போட ஒரு முழு உள்ளி, மீன் குழம்புக்கு வெந்தயத்தோடு தாளிக்க ஒரு பிடி. உரித்த பல்லை முழுதாகவே போட்டுப் புளியும் தேங்காய்ப்பாலும் விட்டு வைக்கும் உள்ளிக் கறி என் அம்மா காலத்திலிருந்து வருகிறது. போன வருடம் ஐப்பசியில் மகள் ஏழு மாதம். தை மாதம் பிள்ளை கிடைக்கும், அதற்குப் பிறகு ஒரு மாதமாவது மிளகும் உள்ளியும் அரைத்த சரக்குக் கறி வைக்க வேண்டும், அந்த உள்ளி நம்முடைய வளவில் விளைந்ததாக இருந்தால் எவ்வளவு நல்லது என்று எனக்கு ஓர் ஆசை.

அந்த ஆசை வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2022 இல் சாமான் விலை ஏறித் தட்டுப்பாடு வந்தபோது, அரச ஊழியர்களுக்கு வீட்டுத்தோட்டம் செய்யவென்று வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்களே, அப்போதுதான் என் கணவரும் நானும் மண்வெட்டியைக் கையில் எடுத்தோம். கல்லடியில் எங்கள் வளவு கடலுக்குக் கிட்ட, வெறும் மணல். அதிலேயே மாட்டெருவும் இலைகுழையும் போட்டுக் கத்தரி, வெண்டி, பயற்றை, கொச்சிக்காய் எல்லாம் எடுத்தோம். இவ்வளவும் வருகிறது, உள்ளி ஏன் வராது என்ற எண்ணம் மனதில் இருந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ஒரு பல் நட்டால் ஒரு முழு உள்ளி, 90 நாளில் அறுவடை, மட்டக்களப்பு வெயிலுக்கும் மணலுக்கும் உத்தரவாதம். அரைக் கிலோ 2,600 ரூபாய், கொரியருக்கு 450. காசை முதலே வங்கியில் போட வேண்டும். விளம்பரப் படத்தில் ஒருவர் கை நிறைய உள்ளிக் கட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பிறகு ஒரு நாள் அதே படத்தை ஆறுதலாகப் பார்த்தபோதுதான் கவனித்தேன், அவர் போட்டிருந்தது தடித்த கம்பளிச் சட்டை. நம்முடைய வெயிலில் உள்ளி பிடுங்குகிறவர் எதற்குக் கம்பளி போடுகிறார்? காசு கட்ட முன் அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை.

பார்சல் வந்தது. ஒரு பொலித்தீன் பைக்குள் இளஞ்சிவப்புத் தூள் பூசின உள்ளிப் பல்லுகள். பையில் இனத்தின் பெயர் இல்லை, பொதி செய்த திகதி இல்லை, யார் செய்தது என்று இல்லை, அந்தத் தூள் என்ன மருந்து என்றும் இல்லை. அடியில் சிவப்பு நைலோன் வலையின் சின்னத் துண்டு ஒன்று கிடந்தது. மொத்தக் கடைகளில் இறக்குமதி உள்ளி தொங்குமே, அந்த வலை.

104 பல்லு நட்டேன். பாதி பாத்தியில், பாதி வாளிகளில். ஐந்தாம் நாள் பச்சை தெரிந்தது. பன்னிரண்டாம் நாள் விரல் நீளத்துக்கு நிமிர்ந்து நின்றது. சந்தோசத்தில் படம் எடுத்து முகநூலில் போட்டு, வாங்கின இடத்தையும் எழுதி நன்றி சொன்னேன். இரண்டு நாளில் அந்தப் படம் அவர்களுடைய விளம்பரத்துக்குள் போய்விட்டது. “மட்டக்களப்பு வாடிக்கையாளரின் தோட்டம்” என்று மேலே எழுதியிருந்தார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு நானே சம்மதித்திருப்பேன், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முளை வந்ததில் ஒரு அதிசயமும் இல்லை. அடுக்களைக் கூடையில் மறந்து கிடக்கிற உள்ளிகூடத் தண்ணீர் காட்டாமலே முளைக்கிறது. பல்லுக்குள் இருக்கிற சத்து அதற்குப் போதும். முளைப்பது வேறு, நிலத்துக்குக் கீழே பருத்துப் பல் பிரிவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற மூன்று நான்கு மாதத்தில்தான் இவர்களுடைய வியாபாரம் நடக்கிறது. முளையைக் கண்டதும் வாங்கினவர் மெச்சுவார், அந்த மெச்சலைக் காட்டி அடுத்தவருக்கு விற்கலாம், விளையவில்லை என்று தெரியவரும்போது பக்கத்தின் பெயரை மாற்றிவிடலாம்.

கார்த்திகை மழையில் பாத்தியில் இருந்தவற்றில் 43 அடி அழுகிப் போயின. மிச்சம் 61. தாள் என்னவோ செழிப்பாகத்தான் இருந்தது. ஆனால் தை பிறந்தும் அடி பருக்கவில்லை. போன் எடுத்தேன். ஒரு இளம்பிள்ளைதான் கதைத்தார்.

“அக்கா, உங்கட மண்ணில சத்துக் குறைவு. எங்கட குமிழ் பெருக்கித் திரவம் இருக்கு, 1,500 தான். அடிச்சிட்டு 15 நாள் பாருங்க.”

அதையும் வாங்கி அடித்தேன். ஒரு தரம் ஏமாற்றப்பட்டவளிடம் இன்னொரு தரமும் எடுக்கலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. குறை நம்முடைய மண்ணில், நம்முடைய கையில் என்று சொல்லிவிட்டால் நாமும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வோம். உங்களுக்கு யாராவது இப்படி ஒரு இரண்டாம் சாமானை விற்க வந்தால், அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

மாசி முடிவில் எல்லாவற்றையும் கிளறினேன். ஒன்றில்கூடப் பல் பிரியவில்லை. ஒன்பதில் மட்டும் போளை அளவுக்கு ஒற்றை உருண்டை. மற்றதெல்லாம் தடித்த வெங்காயத்தாள் மாதிரி வெறும் தண்டு. படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன், பார்த்ததற்கு நீல அடையாளம் விழுந்தது, அதற்குப் பிறகு என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார்கள். மகளுக்குக் கடை உள்ளியில்தான் சரக்குக் கறி வைத்தேன்.

அடுத்த கிழமை கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரைச் சந்தித்தேன். தண்டையும் உருண்டையையும் கையில் வாங்கிப் பார்த்தவுடனேயே, “அக்கா, வாங்க முதல் ஒரு சொல் கேட்டிருக்கலாமே” என்றார். அவர் சொன்னதை என்னால் முடிந்தவரை எழுதுகிறேன். உள்ளி குளிர் தேசத்துப் பயிர். அதன் பல்லோ இளம் செடியோ சில கிழமை 10 பாகைக்குக் கீழான குளிரைக் கண்டால்தான் குமிழ் கட்ட வேண்டும் என்ற தூண்டுதல் அதற்குள் வரும். அதற்குப் பிறகு பகல் நீண்டுகொண்டு போக வேண்டும். நமக்கு இரண்டும் இல்லை. மார்கழி இரவிலும் மட்டக்களப்பில் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. வருடத்தின் ஆக நீண்ட பகலுக்கும் ஆகக் குறுகிய பகலுக்கும் இடையில் ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இங்கே கிடையாது. அதனால்தான் இலங்கையில் உள்ளி நுவரெலியா, வெலிமடை போன்ற மேட்டு நிலங்களில் பயிராகிறது, அதுவும் கொஞ்சம்தான். நாம் சாப்பிடுவதில் பெரும்பகுதி சீனாவிலிருந்து கப்பலில் வருகிறது. தமிழ்நாட்டில்கூடப் பேர்போன உள்ளி கொடைக்கானல் மலையில் விளைகிறதுதானே.

நட்டு மிஞ்சின பல்லுகளைக் கடை உள்ளியோடு வைத்துப் பார்க்கச் சொன்னார். வேர்ப்பக்கம் இரண்டிலும் ஒரே மாதிரி வழவழவென்று செதுக்கியிருந்தது. இறக்குமதி உள்ளியில் அப்படித்தான் வேரை ஒட்ட வெட்டியிருக்கும். அன்றைக்குக் கடையில் கிலோ 700 ரூபாய். 350 ரூபாய்ச் சாமானைத் தூள் பூசி எனக்கு 2,600 க்கு விற்றிருக்கிறார்கள்.

தூளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இது காசு விசயமில்லை. மிஞ்சினதைக் கழுவிவிட்டுக் குழம்புக்குப் போடலாம் என்று நான் எடுத்து வைத்திருந்தேன். போதனாசிரியர் திடுக்கிட்டுவிட்டார். நடுவதற்கென்று நிறத்தூள் பூசி வருவது பூஞ்சண மருந்தாக இருக்கலாம், கழுவினாலும் அதைச் சமையலுக்கு எடுக்கவே கூடாது என்றார். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்த நேரத்தில் அது அடுக்களைத் தட்டில் கிடந்ததை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. உங்களிடம் அப்படி மிச்சம் இருந்தால் எறிந்துவிடுங்கள், கோழிக்கும் போடாதீர்கள்.

உள்ளி நட ஆசையிருந்தால் நடுங்கள், ஆனால் தாளுக்காக நடுங்கள். கடையில் வாங்கின தூள் பூசாத உள்ளியே போதும். துளை போட்ட வாளியில் மணலும் கூட்டெருவும் சரிபாதி கலந்து, கூர்ப்பக்கம் மேலே பார்க்க ஒரு அங்குல ஆழத்தில் ஊன்றி, தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் ஐந்தாறு கிழமையில் வெட்டலாம். அடியில் கொஞ்சம் விட்டு வெட்டினால் திரும்பவும் தளிர்க்கும். முட்டைப் பொரியலுக்கும் இறால் பிரட்டலுக்கும் அருமையாக இருக்கும், தேங்காய்ப்பூ போட்டு வறையும் செய்யலாம். அடுப்பை நிறுத்தப் போகும்போது போடுங்கள், நெடுநேரம் வேகவிட்டால் மணம் போய்விடும். குமிழ்தான் வேண்டும் என்றால், நட முதல் உள்ளியை பிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் ஆறு முதல் எட்டுக் கிழமை வைத்துப் பார்க்கச் சொன்னார். அப்படிச் செய்தாலும் நம்முடைய இரவுச் சூட்டுக்கு அனேகமாக ஒற்றை உருண்டைதான் கிடைக்குமாம். அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது, தருகிறவரை நம்பவும் கூடாது.

நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கும் எடுத்தேன். விற்றவரின் விலாசம் கேட்டார்கள். என்னிடம் இருந்தது ஒரு போன் இலக்கமும் வங்கிச் சிட்டையும்தான், பற்றுச்சீட்டு இல்லை. ஆகவே விலாசமும் பற்றுச்சீட்டும் தராதவரிடம் முற்பணம் கட்டாதீர்கள். விளம்பரத்தையும் உரையாடலையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள், நான் எடுத்து வைக்கவில்லை. விதை எதுவானாலும் வாங்க முதல் விவசாயத் திணைக்களத்தின் 1920 க்கு எடுத்துக் கேட்கலாம்.

ஆறு பேர் என்றேன். அதில் ஒருவர் எங்களுக்குப் பின்வளவு மாமி. புருசன் இல்லாதவர், சீட்டுக் காசில் வாங்கினார். நான் போய் மன்னிப்புக் கேட்டபோது, “நீ வேணுமெண்டா செய்தாய் மகள்? மறுகா அதை விடு” என்று சொல்லித் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். அவருடைய 3,050 ரூபாயை மாதம் கொஞ்சமாக நான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர் வேண்டாம் என்கிறார், நான் விடவில்லை.

அவர்கள் இப்போது வேறு பெயரில் விற்கிறார்கள், என் படமும் கூடவே போயிருக்கிறது. முறைப்பாடு செய்தும் இன்னும் எடுக்கவில்லை. நீல வாளி இரண்டு, பின்னால் கிணற்றுக்கட்டு, அதன்மேல் காயப்போட்ட மஞ்சள் துவாய். அது எங்கள் வீட்டுக் கிணறு. எடுத்தது நட்டுப் பன்னிரண்டாம் நாள். அந்த இரண்டு வாளியிலும் கடைசியில் ஒரு உள்ளிகூட விளையவில்லை.