இந்தியாவில கம்பஸ் கலைவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போறம் எண்டு காசு கேட்டா ஒரு சதமும் குடுக்காதேங்கோ

இதைக் கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறன், பொறுமையா வாசியுங்கோ, ஏனெண்டா எங்களை ஏமாத்தின அதே ஆள் இப்ப அடுத்த குழுவுக்கு ஆள் சேர்க்கிறார் எண்டு கேள்விப்பட்ட பிறகு எனக்கு நித்திரை வரேல்லை. பேர் இதில போடேல்லை, முறைப்பாடு போய்க்கொண்டிருக்கு. ஆனா அவர் செய்யிற விதத்தைச் சொன்னா உங்களுக்கே ஆளைப் பிடிபடும்.

நாங்கள் காத்தவராயன் கூத்து ஆடுற ஒரு சின்னக் குழு. கம்பஸ் பிள்ளையளும் இருக்கினம், ஏ.எல் முடிச்சிட்டு வேலை தேடிக்கொண்டு நிக்கிற பெடியளும் இருக்கினம். போன வருசம் எங்கட குழுப் பெடியன் ஒருத்தனுக்கு வட்ஸ்அப்பில ஒரு போஸ்ரர் வந்தது, தமிழ்நாட்டில ஒரு பல்கலைக்கழகத்தில சர்வதேச இளையோர் கலை கலாசார விழா, ஈழத்துக் கலைஞர்களுக்கு விசேட அழைப்பு, இடங்கள் மட்டுப்படுத்தப்பட்டவை எண்டு. யாழ்ப்பாணத்தில திருநெல்வேலிப் பக்கம் ஒரு மாடிக் கட்டடத்தில அந்த ஆளின்ர அலுவலகம், மேசையில இந்தியக் கொடியும் எங்கட கொடியும், சுவரில கனபேரோட நிண்டு எடுத்த படங்கள். ஆள் நல்லாக் கதைப்பார், "தங்கச்சி, உங்கட கூத்து இஞ்ச கோயில் வீதியோட நிக்கக்கூடாது, அங்க இருக்கிறவன் பாக்கவேணும்" எண்டார். ஆளுக்கு 85,000 ரூபா. அதுக்குள்ள பதிவுக் கட்டணம், தங்கிறது, சாப்பாடு, மேடை நேரம், சேர்ட்டிபிக்கேற் எல்லாம் அடக்கம், பிளேன் ரிக்கெற்றும் விசாவும் மட்டும் எங்கட செலவு எண்டு சொன்னார்.

நாங்கள் சும்மா நம்பிக் காசைக் குடுக்கேல்லை. அந்தப் பல்கலைக்கழகத்தின்ர இணையப் பக்கத்தைப் போய்ப் பாத்தம், அங்க உண்மையாவே அந்தத் திகதியில இளையோர் விழா எண்டு போட்டிருந்தது. இதுதான் அவர் செய்யிற தொழிலின்ர அடி. இல்லாத விழாவை அவர் சொல்லுறேல்லை, இருக்கிற விழாவைச் சொல்லி, அதுக்குள்ள போற வழி தன்னட்ட இருக்கு எண்டுதான் விக்கிறார். ஆகையால விழா நடக்குதா எண்டு பாத்தா மட்டும் காணாது, அந்த விழாவுக்கு ஆரை எடுப்பினம், எப்பிடி எடுப்பினம் எண்டு பாக்கவேணும். அதை நான் கீழ விளக்கமா எழுதுறன், எங்களுக்கு இதைச் சொல்லித் தர அப்ப ஒருத்தரும் இருக்கேல்லை.

காசு சேர்த்த கதை வேற. ஒரு பிள்ளையின்ர அம்மா சங்கிலியை ஈடு வைச்சுக் குடுத்தவ. இன்னொரு பெடியன்ர தமையன் பிரான்சில இருந்து அனுப்பினது. எங்கட அண்ணாவியார், எங்களுக்குக் கூத்துப் பழக்கிறவர், வயது எழுவதைத் தாண்டின மனுசன், விடிய விடிய ஆடுற கூத்தைப் பத்து நிமிசத்துக்குள்ள கொண்டு வாறதுக்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எதை வெட்டினாலும் அவருக்கு மனம் நோகும். காத்தவராயன்ர தாய் முத்துமாரியின்ர வரவு வேணும், அவன் விரும்புற ஆரியப்பூமாலை வேணும், பகிடிக்காரச் சின்னான் இல்லாட்டிச் சனம் சிரிக்காது, கழுமரம் ஏறுறது இல்லாட்டிக் கதையே இல்லை. கடைசியில துள்ளுநடையில ஒரு கூத்துப் பாட்டு, முத்துமாரியும் மகனும் கதைக்கிற இடம், பிறகு நேர கழுமரம் எண்டு முடிவெடுத்து, பள்ளிக்கூட மண்டபத்தில பின்னேரம் பின்னேரம் போனில நேரம் பிடிச்சுப் பழகினனாங்கள். பத்து நிமிசம் எண்டதும் அந்த ஆள் சொன்ன கணக்குத்தான். பேந்து பாத்தா அங்க உண்மையான போட்டியில நாட்டுப்புற நடனத்துக்கு அந்தளவுதான் நேரம், அதைக்கூடச் சரியா அறிஞ்சு வைச்சிருக்கிறார்.

பலாலியில இருந்து சென்னைக்குப் போற பிளேன் சின்னன், ஆர்மோனியத்தை விட்டிட்டு உடுக்கையும் உடுப்புப் பெட்டியையும் மட்டும் கொண்டு போனம். சென்னையில பஸ் நிக்கும் எண்டவர், பஸ் இல்லை. ரெண்டு வான் நிண்டது, அதுக்கும் எங்களட்டயே காசு வாங்கினார், "திரும்பிப் போய்க் கணக்குப் பாப்பம் தங்கச்சி" எண்டு. தங்கினது ஒரு கலியாண மண்டபத்தின்ர மேல்மாடி. பொம்பிளைப் பிள்ளையளுக்கும் ஆம்பிளைப் பிள்ளையளுக்கும் நடுவில ஒரு துணிதான் மறைப்பு, கதவுக்குப் பூட்டு இல்லை. நான் கதவடியில பெட்டியளை அடுக்கி வைச்சிட்டு அதுக்கு முன்னால படுத்தனான். மற்றவை பெத்து நம்பி அனுப்பின பிள்ளையளை இப்பிடி ஒரு இடத்தில கொண்டு வந்து விட்டதுதான் காசை விட எனக்குக் கூடக் கோவம்.

அடுத்த நாள் அவரைக் காணேல்லை, போன் எடுக்கேல்லை. நாங்களே ஓட்டோ பிடிச்சுக் கம்பஸுக்குப் போனம். வாசலில கோலம், தோரணம், பறை, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தங்கட பதாகையோட ஊர்வலமா வருகுது, எங்கட பிள்ளையள் அதைப் பாத்து அழுகிற அளவுக்குச் சந்தோசப்பட்டுதுகள். பதிவு மேசையில இருந்த பிள்ளை மடிக்கணினியில தேடிப் பாத்திட்டு, "அக்கா, உங்க பேர் லிஸ்ட்ல இல்லையே, எந்த யுனிவர்சிட்டியில இருந்து வந்திருக்கீங்க, டீம் மேனேஜர் யாரு?" எண்டு கேட்டாள். அந்த ஆள் எங்களுக்குத் தந்திருந்த அழைப்புக் கடிதத்தை நான் குடுத்தன். அவள் உள்ள கொண்டு போய் ஒரு பேராசிரியரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் கடிதத்தை வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்தார். இலச்சினை இணையத்தில இருந்து எடுத்து ஒட்டினது, கிட்டப் பிடிச்சா எழுத்து உடைஞ்சு தெரியுது. கடித இலக்கம் இல்லை. கையெழுத்துப் போட்டிருக்கிறவர் அந்தப் பதவியில இப்ப இல்லை. "அம்மா, இது எங்க லெட்டர் இல்லை. நாங்க தனி ஆளுங்க மூலமா யாரையும் கூப்பிடுறதும் இல்லை, காசு வாங்குறதும் இல்லை" எண்டார். அந்த மனுசன் நல்ல மனுசன், எங்களைத் துரத்தேல்லை, சாப்பாட்டுச் சீட்டுத் தந்து மண்டபத்துக்குள்ள இருந்து பாக்க விட்டவர். பிள்ளையள் சலங்கைப் பையை மடியில வைச்சுக்கொண்டு மற்றவை ஆடுறதைப் பாத்துக்கொண்டு இருந்ததுகள்.

பின்னேரம் அந்த ஆள் வந்து, "அது வேற அரங்கு, உங்களுக்கு ஒழுங்கு பண்ணினது வேற அரங்கு" எண்டு ஒரு தனியார் மண்டபத்துக்குக் கொண்டு போனார். அங்க எங்களை மாதிரி அவர் கூட்டிக்கொண்டு வந்த வேற குழுக்கள் தான் இருந்தினம், பாக்க வந்த சனம் எண்டு ஒருத்தரும் இல்லை. ஒரு குழு ஆட மற்றக் குழு கைதட்டவேணும், அவற்ற ஆள் கமராவோட நிண்டு கைதட்டுறதை மட்டும் கிட்டக் கிட்ட எடுக்கிறான், அடுத்த போஸ்ரருக்கு. எங்களுக்கு அஞ்சு நிமிசம் எண்டு பாதியில பாட்டை நிப்பாட்டினவை. காத்தவராயனா ஆடினவன் கழுமரத்துக்கு ஒரு அடி முன்னால நிண்டான், அவ்வளவும்தான். எல்லாக் குழுவுக்கும் ஒரே கேடயம், எல்லாத்திலயும் "சிறந்த நாட்டார் கலைக்குழு" எண்டு ஒரே வசனம். சேர்ட்டிபிக்கேற்றில பேர் எழுதுற இடம் வெறுமையா இருந்தது, பேனையால நாங்களே எழுதவேணுமாம், அதுக்கு சீல் குத்தித் தர ஆளுக்கு இன்னும் 5,000 ரூபா கேட்டார். அந்தச் சேர்ட்டிபிக்கேற்றை ஒரு நேர்முகத்துக்குக் கொண்டு போய்க் காட்டினா, அங்க கள்ளனாகிறது பிள்ளைதான், அவர் இல்லை.

ஊருக்கு வந்து காசைக் கேட்டா, "நான் உங்களை இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனனான் தானே, மேடை ஏத்தினனான் தானே" எண்டு சத்தம் போட்டார், பேந்து நம்பரை புளொக் பண்ணிட்டார். அதுக்குப் பிறகுதான் ரசீதை வடிவா எடுத்துப் பாத்தம், அதில விழா எண்ட சொல்லே இல்லை, "சுற்றுலா ஒழுங்கமைப்புக் கட்டணம்" எண்டுதான் இருக்கு. பொலிஸில முறைப்பாடு குடுக்கப் போகேக்க எங்களை முதல் மறிச்சது இந்த ஒரு வரிதான். சுற்றுலாவுக்குக் காசு வாங்கினவர், சுற்றுலா கொண்டு போனவர் எண்டு அவர் சொல்லலாம். ரசீதில எதுக்குக் காசு எண்டு என்ன எழுதியிருக்கு எண்டு தயவுசெய்து குடுக்கிற இடத்திலயே நிண்டு வாசியுங்கோ.

இப்ப அங்க உண்மையில எப்பிடி நடக்குது எண்டு சொல்லுறன். இந்தியாவில பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான இளையோர் விழாவை நடத்துறது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், ஏ.ஐ.யூ எண்டு சொல்லுறது, 1925இல தொடங்கினது, டெல்லியில இருக்கு. முதல் மண்டல மட்டம், அதில வெண்ட குழுக்கள் தான் தேசிய விழாவுக்குப் போகும். இசை, நடனம், இலக்கியம், நாடகம், நுண்கலை எண்டு அஞ்சு பிரிவு. 25 வயசுக்கு உட்பட்ட, அந்தந்தப் பல்கலைக்கழகத்தில உண்மையாப் படிக்கிற பிள்ளையள் மட்டும், பேரை அனுப்புறது அவையின்ர பல்கலைக்கழகம். தனி ஆளோ ஊர்க் கழகமோ காசு கட்டிப் போற வழியே அதில கிடையாது. எங்கட பக்கத்து நாடுகளின்ர பல்கலைக்கழகங்களைக் கூப்பிடுற தெற்காசிய விழா எண்டு ஒண்டும் இருக்கு, அதுக்கும் அழைப்பு வாறது பல்கலைக்கழகத்துக்குத்தான். ஆக கம்பஸ் பிள்ளையளே, உங்கட பீடத்துக்கோ மாணவர் நலன் பகுதிக்கோ தெரியாம உங்கட வட்ஸ்அப்புக்கு மட்டும் ஒரு அழைப்பு வந்தா அது அழைப்பே இல்லை.

அந்த ஆளின்ர போஸ்ரரில "தேசிய இளைஞர் விழா" எண்டும் ஒரு வரி இருந்தது. அது முழுக்க வேற, ஜனவரி 12 விவேகானந்தர் பிறந்த நாளை ஒட்டி 1995இல இருந்து இந்திய மத்திய அரசு நடத்துறது, மாநிலங்கள் தங்கட குழுக்களை அனுப்பும். பிறகு கல்லூரிகள் தாங்களே நடத்துற விழாக்கள், சென்னை ஐஐடியில ஜனவரியில நடக்கிற சாரங் மாதிரி, 1974இல மார்டி கிரா எண்ட பேரில தொடங்கினது, அதை முழுக்க மாணவர்களே நடத்தினம். அப்பிடியான விழாவில ஆர் பங்குபற்றலாம், எப்பிடிப் பதியலாம் எண்டதை அவையே தங்கட பக்கத்தில போடுவினம், உங்கட மாணவர் அட்டையோட அவையட்டயே நேர கேக்கலாம். இந்த மூண்டையும் ஒண்டாக் குழைச்சு ஒரு போஸ்ரரில போட்டா அதை அடிச்சவருக்கு ஒரு விழாவோடயும் தொடர்பில்லை எண்டு எடுங்கோ.

காசு குடுக்க முதல் செய்யவேண்டியது சின்ன வேலைதான். கடிதத்தில இருக்கிற நம்பருக்கு எடுக்காதேங்கோ, அது அவற்ற ஆளின்ர நம்பர். பல்கலைக்கழகத்தின்ர சொந்த இணையப் பக்கத்தில இருக்கிற மாணவர் நல அலுவலகத்துக்கு எடுத்து, கடிதத்தைப் படம் பிடிச்சு அவையின்ர அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்பி, இது உங்கட கடிதம் தானோ எண்டு கேளுங்கோ. யாழ்ப்பாணத்திலயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கு, மேடையில ஆடப் போறம் எண்டு சொல்லி எந்த விசா எடுக்கவேணும் எண்டு அங்க கேட்டுக்கொண்டு போங்கோ. அந்த ஆள் எங்களுக்குச் சொன்னது "சும்மா சுற்றுலா விசா போடுங்கோ, விழா எண்டு எழுதாதேங்கோ" எண்டு. இப்பிடி ஒருத்தர் சொன்னா அந்த இடத்திலயே எழும்பி வாங்கோ.

கூத்துக் குழுக்களுக்கும் நடன வகுப்பு வைச்சிருக்கிற ரீச்சர்மாருக்கும் குறிப்பாச் சொல்லுறன், அவர் தேடுறது உங்களைத்தான். பிள்ளையளுக்கு இந்திய மேடை எண்டா எவ்வளவு ஆசை எண்டு அவருக்குத் தெரியும். எங்கட அண்ணாவியார் இண்டைக்கு வரைக்கும் அந்தப் பிள்ளையளின்ர தாய் தேப்பனுக்கு முன்னால நிமிந்து நிக்க மாட்டன் எண்டு வீட்டோட இருக்கிறார், அவர் ஒரு பிழையும் செய்யேல்லை, பிள்ளையளுக்குப் பழக்கினது மட்டும்தான்.

இதே மாதிரிக் காசு குடுத்தவை, முக்கியமா வாற பயணத்துக்கு முற்பணம் கட்டினவை இருந்தா எனக்கு உள்பெட்டியில எழுதுங்கோ. வங்கிச் சிலிப், ரசீது, அவற்ற வொய்ஸ் மெசேஜ் ஒண்டையும் அழிக்காதேங்கோ, "மேடை நேரம் தாறன், சேர்ட்டிபிக்கேற் தாறன்" எண்டு அவர் சொன்ன வொய்ஸ் தான் ரசீதில இருக்கிற அந்த வரியை உடைக்கிறதுக்கு எங்களட்ட இருக்கிற சாட்சி. தனித் தனியாப் போனா அலுவல் இழுபடுது, நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே முறைப்பாடாக் குடுக்கப் போறம், சட்டத்தரணி ஒருத்தர் காசு வாங்காமப் பாத்துத் தாறன் எண்டிருக்கிறார். மிச்சக் காசை இன்னும் கட்டாதவை கட்டாதேங்கோ.