நார்த்தாமலை முதல் திருமயம் வரை: ஒரே நாளில் எதைப் பார்ப்பது, எதை விடுவது

திருச்சியிலிருந்து காரைக்குடிக்குக் காரில் போகிறவர்கள் நார்த்தாமலை, சித்தன்னவாசல், குடுமியான்மலை, திருமயம் நான்கையும் ஒரே பகலில் முடிக்கத் திட்டமிடுகிறார்கள். தூரம் அதிகமில்லை. இடிப்பது நேரம்தான். கோயில்கள் மதியம் நடை சாத்தினால் நாலு மணி வாக்கில்தான் திறக்கும். தொல்லியல் துறை இடங்களை மாலையில் மூடிவிடுவார்கள். மூன்றைப் பாருங்கள், நிதானமாகப் பாருங்கள்.

நார்த்தாமலைதான் முதலில், அதுவும் காலை எட்டு மணிக்குள். மேலமலையில் விஜயாலய சோழீச்சரத்துக்கு ஊரிலிருந்து பாறை மேலேயே கால்மணி, இருபது நிமிட நடை. வழியில் நிழல் கிடையாது. பத்து மணிக்கெல்லாம் பாறை சுடத் தொடங்கும். கோயில் முன் செருப்பைக் கழற்றியதும் கால் வைக்க முடியாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கீழிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள், மேலே கடை இல்லை. பெயரில் சோழன் இருந்தாலும் இந்தப் பகுதியை ஆண்ட முத்தரையர் என்ற சிற்றரசர்கள் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில் எழுந்த கற்றளி (கற்கோயில்) இது. மேற்கு பார்த்தது, கருவறை வட்டம். எதிரே உள்ள குடைவரையில் (பாறையைக் குடைந்த கோயிலில்) ஒரே அச்சில் வார்த்தது போல 12 திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. அந்தக் குடைவரை கிழக்கு நோக்கியது என்பதால் காலை வெளிச்சத்தில்தான் நன்றாகத் தெரியும். சீக்கிரம் போகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்து சித்தன்னவாசல். அங்குள்ள சமணக் குடைவரையான அறிவர் கோயிலுக்குள் நுழைந்ததும் ஒன்றும் தெரியவில்லை என்று இரண்டே நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். வெளி வெயிலிலிருந்து வந்த கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடமாவது வேண்டும். அப்புறம் கருவறைக்கு முன்னுள்ள அர்த்த மண்டபத்தின் விதானத்தை (மேற்கூரையை) அண்ணாந்து பாருங்கள். தாமரைக் குளம் மெல்லத் துலங்கும்: பச்சை இலைகள், மொட்டுகள், மீன்கள், அன்னங்கள், யானை, எருமை, பூப்பறிக்கும் மூன்று பேர். ஒருவர் தாமரையைத் தண்டோடு பிடித்திருக்கும் விரல்களின் வளைவுக்காகவே இவ்வளவு தூரம் வரலாம். தூண்களில் ஆடும் பெண்கள் பாதி மங்கிப்போனார்கள். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடங்களில் ஓவியம் திரும்பி வராது, அதனால் தூணில் சாயாதீர்கள், ஃபிளாஷ் அடிக்காதீர்கள். இளங்கௌதமன் என்ற மதுரை ஆசிரியர் பாண்டிய மன்னன் அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தில் இக்கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. கருவறையில் மெல்ல ‘ம்ம்’ என்று மூச்சை இழுத்துவிட்டால் அறை முழுக்க அதிரும்.

சமணர் படுக்கைகள் இருக்கும் ஏழடிப்பட்டம் தனி ஏற்றம். 17 படுக்கைகள், தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்து, சறுக்கும் விளிம்பு. முட்டி வலி உள்ளவர்களும் மழை நாளில் வருபவர்களும் அதை விட்டுவிடலாம்.

மதியச் சாப்பாட்டை அன்னவாசலிலோ புதுக்கோட்டையிலோ முடித்துக்கொண்டு நாலரைக்குக் குடுமியான்மலை. மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறையில், ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடி பரப்பில், இசைக் கல்வெட்டு இருக்கிறது. கிரந்த எழுத்து, ஏழு பகுதிகள், நான்கு நான்காகத் தொகுத்த சுரங்கள். வெட்டு ஆழமில்லாததால் நேர் வெளிச்சத்தில் கல்லும் எழுத்தும் ஒன்றாகிவிடும். டார்ச்சைப் பாறையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து நிழலோடு எழுந்து வரும். சாக்பீஸ் தேய்ப்பதும் எண்ணெய் தடவுவதும் கல்லைக் கெடுக்கும். கீழே சிகாநாத சுவாமி கோயில் மண்டபத் தூண்களுக்கு அரைமணி ஒதுக்குங்கள்.

திருமயம் கோட்டையை இதோடு சேர்த்தால் ஓடித்தான் பார்க்க வேண்டும். காரைக்குடியில் இரவு தங்குகிறவர்கள் மறுநாள் காலை அங்கிருந்து வரலாம். 1687இல் ராமநாதபுரம் மன்னர் சேதுபதி கட்டிய கோட்டை அது. பாதி உயரத்தில் உள்ள சிவன் குடைவரைக்கு இரும்பு ஏணியில் ஏற வேண்டும், சிறு பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். அடிவாரத்தில் பள்ளிகொண்ட பெருமாளைப் பார்க்க நடை சாத்துமுன் இறங்கிவிடுங்கள்.